ஊர் இழுத்த உயரம்

ஏழுகல்துறைக்கு நீங்கள் என்றைக்காவது வந்தால், எங்கள் வீட்டுப் படிகளெல்லாம் எங்களுக்குக் கொஞ்சம் அதிக உயரமாகவும், சுவரில் அடித்த ஆணியெல்லாம் எட்டாத இடத்திலும், மாதா கோவில் வாசலில் தீர்த்தத் தொட்டி நெஞ்சுக்கு நேராகவும் இருப்பதாக உங்களுக்குத் தோன்றும். கொத்தனாருக்குக் கண் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். வீடுகளை எங்கள் அளவுக்குத்தான் கட்டினார்கள், பிறகு நாங்கள்தான் குறைந்து போனோம்.

குறைந்தது ஒரு பையனுக்காக. பேர் லிபின். கரமடி வலை இழுக்கிற சூசையனுக்கும் பிளாரன்சுக்கும் ஒரே மகன். அவனோடு பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளைகளெல்லாம் மீசை அரும்பி, குரல் உடைந்து, அப்பன்மாரின் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று சீட்டியடித்த காலத்திலும், இவன் மட்டும் முதல் முதலாகப் புதுநன்மை வாங்க வரிசையில் நிற்கிற எட்டு வயதுப் பிள்ளை மாதிரியே இருந்தான். பஸ்ஸில் இன்றைக்கும் அரை டிக்கெட்தான் கொடுப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

ஆனால் பந்து என்று வந்துவிட்டால் கதையே வேறு. எங்கள் பிள்ளைகள் விளையாடுவது அலை வந்து திரும்புகிற ஈர மணலில். காய்ந்த மணலில் பந்து உருளாது, தண்ணீரில் மிதந்துபோகும், ஆகையால் ஓர் அலை போய் அடுத்த அலை வருவதற்குள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே ஆட்டம். லிபின் கடலைத் திரும்பிப் பார்க்கவே மாட்டான். முதுகாலேயே அலையைக் கேட்பான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியான பேச்சில்லை, ஒட்டின சாமான் இழுக்கும், உரசும். இது வீட்டு நாய் எசமானோடு நடக்கிற மாதிரி, கொஞ்சம் முன்னே ஓடி, நின்று, அவன் வந்து சேர்ந்ததும் மறுபடி ஓடும். வள்ளம் தள்ளி வள்ளம் தள்ளித் தோள் பெருத்த ஆண்கள் நாலு பேர் வழி மறித்து நின்றால், நாலு பேருக்கும் நடுவில் யாருக்கும் தெரியாத ஒரு சந்து அவனுக்குத் தெரியும். பந்து முதலில் போகும், பின்னாலேயே இவன் போவான். அந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"எனக்க மோனுக்குக் கால்ல கண்ணு உண்டு" என்று சூசையன் சாயாக்கடையில் சொல்லுவான். யாரும் மறுத்ததில்லை.

பெரிய நகரத்துக் கழகம் ஒன்று வருஷத்துக்கு ஒருமுறை டவுன் மைதானத்துக்கு ஆள் அனுப்பிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும். எடுபட்டவனுக்குத் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, பந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. வருகிற மனுஷர் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார், அதனால் எங்களுக்கு அவர் கண்ணாடி சார். கெட்ட மனுஷர் இல்லை, பிள்ளைகளுக்கு வெயில் படக்கூடாது என்று பந்தல் போட வைத்தவர். ஆனால் மைதானத்து வாசலில் ஓர் இரும்புக் கம்பம் நட்டு, அதில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டைத் தலை தொடாத பையனுக்கு உள்ளே போக வழியில்லை, அவன் காலில் பந்தே வராது.

முதல் வருஷம் லிபினைக் கூட்டிக்கொண்டு போனவன் கிளமெண்ட். பகலில் ஐஸ் பிளாண்டில் ஐஸ் உடைத்துவிட்டு, சாயங்காலம் எங்கள் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறவன். கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தது, திரும்பி வந்துவிட்டார்கள். மறு வருஷம் பிளாரன்ஸே போனாள். தலையிலிருந்த மீன் சருவத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு நேரே கண்ணாடி சார் முன்னால் நின்றாள்.

"சாரே, கம்பத்த விடும். ஒரே ஒரு தடவ பந்தக் குடுத்துப் பாரும்."

"அம்மா, இவன் நல்லா ஆடுவான்னு எனக்கும் சொன்னாங்க. ஆட்டம் தெரியாத பையனுக்கு நான் ஆட்டம் சொல்லிக் குடுத்துடுவேன். உயரத்தை யாரும்மா சொல்லிக் குடுக்கிறது?"

பிளாரன்சுக்குப் பதில் வாயில் வந்ததுதான், ஆனால் பின்னால் வரிசையில் நின்ற தாய்மார்கள் தள்ளினார்கள். அவர்களுடைய மகன்மாரெல்லாம் தென்னங்கன்று மாதிரி நின்றார்கள், அதில் ஒருத்தனுக்குப் பந்தை எந்தக் காலால் உதைப்பது என்றுகூட நிச்சயமில்லை. அடுத்த வருஷம்தான் கடைசி, அதற்குமேல் வயது கடந்துவிடும் என்று கண்ணாடி சார் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து லிபின் தினமும் மாமரத்துக் கிளையில் தொங்கினான், முட்டை குடித்தான், முருங்கைக்கீரை தின்றான், நீட்டி நீட்டிப் படுத்தான். ஒரு நகக்கண் அளவுகூட ஏறவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் கரமடி இழுத்தோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று ஊரே இழுப்பதுதான் கரமடி. அதற்கு எங்கள் துறையில் ஒரு முறை உண்டு. கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு. கிழவரானாலும், சீக்காளியானாலும், வழியே போன அன்னிய ஊர்க்காரனானாலும், ஒரு விரல் பட்டால் பங்கு. வலைமடி கரையேறின பிறகு பங்குகாரர் எல்லாரும் சம்மதிக்காமல் ஒரு நெத்திலியைக்கூடத் திரும்பக் கடலில் விடமுடியாது. சண்டை வராமல் இருக்க எங்கள் முன்னோர் வைத்த முறை. அதனால் ஒருபோதும் சண்டை வந்ததில்லை, அந்த வருஷம் வரைக்கும்.

அன்றைக்குக் கயிற்றில் சூசையனுக்குப் பின்னால் லிபின் நின்றான். கயிறு சூசையனுக்கு இடுப்பளவு, இவனுக்குக் கழுத்தளவு. சூசையன் திரும்பிப் பார்த்தான், பார்த்துவிட்டு யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னான்: "மணல்ல நின்னு கயிறு இழுக்கதுக்கு எனக்கு இம்மட்டு நீளம் எதுக்கு? ஒரு விரக்கடை இவனுக்குப் போவப்பிடாதா?"

சொல்லி, மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான்.

மறுநாள் காலையில் பிளாரன்ஸ் கேட்டாள், "என்னத்துக்கு ஓய் சாரத்தத் தரையில இழுத்துட்டு நடக்கீரு?" சூசையன் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினான், நேற்று வரை தரையைத் தொடாமல் நின்ற சாரம்தான் அது. அந்த நேரம் லிபின் பள்ளிக்கூட நிக்கரோடு வந்தான், நிக்கர் முட்டுக்கு மேலே ஏறி இருந்தது. மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிளாரன்ஸ் புருஷனுடைய சாரத்துக்கு ஓரம் மடித்துத் தைத்தாள், மகனுடைய நிக்கரின் மடிப்பைப் பிரித்துவிட்டாள், அடுப்பில் வைத்த கஞ்சி பொங்கிவிட்டதே என்று ஓடினாள்.

சேதி சாயாக்கடைக்கு வந்தது. சாயாக்கடையிலிருந்து ஊர்க் கமிட்டிக்கு வந்தது. கமிட்டித் தலைவர் எஸ்தாக்கி, மூன்று வள்ளம் உள்ளவர், எதையும் மூன்று தடவை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேசுவார். அவர் ஃபாதரிடம் போய் இது பாவமா என்று கேட்டார். ஃபாதர் வயலூரிலிருந்து மாற்றலாகி வந்த இளவயதுக்காரர், கொஞ்சம் யோசித்து, "எதையாவது பகிர்ந்து கொடுக்கிறதுல பாவம்னு எங்கயும் படிச்சதா நினைவில்ல" என்றார். அதுவே போதுமாக இருந்தது.

"ஒருத்தன் இழுத்தா ஒரு விரக்கடை" என்றார் எஸ்தாக்கி. "ஊரே இழுத்தா?"

பிளாரன்ஸ் ஒருத்திதான் வேண்டாம் என்றாள். கோவில் முற்றத்தில், அத்தனை பேர் நடுவில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அவன நான் ஒரு தடவ பெத்தாச்சு. ஊரு கூடி இன்னொரு தடவ பெறவேண்டாம்."

"பெத்தது போதல்லேன்னுதானே பிளாரி இழுக்கோம்" என்று வறுவேல் சொன்னான். காலையிலேயே குடிக்கிறவன். எல்லாரும் சிரித்தார்கள். லிபின் சிரிக்கவில்லை, ஆனால் அவன் கண் பளபளவென்று இருந்தது. அவனுக்கு வேண்டும் என்று இருந்தது, அதை மறைத்துச் சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, கோவில் உடுப்பைக்கூட மாற்றாமல் எல்லாரும் கரைக்கு வந்தோம். லிபினைக் கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, கரமடிக் கயிற்றை அவன் இடுப்பில் சுற்றி, இரண்டு முனையையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு முனையில் வடக்குத் தெரு, மறுமுனையில் தெற்குத் தெரு. கைப்பிள்ளைகளின் விரலைப் பிடித்துக் கயிற்றில் வைத்தார்கள் தாய்மார்கள். படுக்கையிலிருந்து எழும்பாதவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். ஃபாதர் ஒரு விரலால் தொட்டார். நான் என் பங்குக்கு வலது கையால் பிடித்தேன், இடது கையில் சந்தைக்குக் கொண்டுபோகிற மீன் சருவம் இருந்தது. பிளாரன்ஸ் மட்டும் தூரத்தில், கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலா" என்றார் எஸ்தாக்கி. இழுத்தோம். கயிறு முறுகியது, தண்ணீர் சொட்டியது, உள்ளங்கால் மணலில் புதைந்தது. புதைகிறோமா குறைகிறோமா என்று தெரியாமல் இழுத்தோம். இடுப்பளவு தண்ணீரில் நின்ற பையனுக்கு நின்ற இடத்திலேயே தண்ணீர் தொடையளவு ஆனது, தொடையளவு முட்டளவு ஆனது. கரை ஏறி வந்தபோது அவன் நிழல் எங்கள் எல்லார்மேலும் விழுந்தது.

கணக்குப் பார்த்தால் அத்தனை பேர் கொடுத்ததுக்கு அவன் கோவில் மணிக்கூண்டு உயரம் வந்திருக்க வேண்டும். ஆனால் கயிற்றில் கொஞ்சம் போனது, தண்ணீரில் கொஞ்சம் போனது; எந்த மடியிலும் கசிவு இல்லாமல் மீன் கரையேறுவதில்லை. ஆறடிக்குமேலே ஒரு சாண் நின்றது. அது போதும் என்றோம்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். சேலை எல்லாம் தரையைப் பெருக்கியது, இரண்டு மாதம் தையல்காரி மெர்சிக்குத் தலை தூக்க நேரமில்லை. தாழ்ந்த நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டே இருந்தவர்கள் இனி இடிக்காது என்று சந்தோஷப்பட்டார்கள், பஸ் படியில் ஏறத் தெரியாமல் தடுமாறினவர்கள் டிரைவரைத் திட்டினார்கள். கடலுக்குப் போகிறவர்கள் துடுப்புக் கம்பை ஒரு விரற்கடை வெட்டினார்கள். கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் உயரத்தைச் சொல்லும்போது பெண் வீட்டார் "இழுப்புக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்கும் வழக்கம் வந்தது. பக்கத்துத் துறைக்காரர்கள் சந்தையில் என்னைப் பார்த்து, "என்னக்கா, ஏழுகல் மீனெல்லாம் பெருத்துப் போச்சா, இல்ல நீ சிறுத்ததுனால மீனு பெருசாத் தெரியுதா?" என்று கேட்பார்கள். "வாங்குகதுன்னா வாங்கு, இல்லேன்னா ஈய ஓட்டு" என்பேன். பிளாரன்ஸ் மட்டும் பழைய உயரத்திலேயே நடந்தாள். கிணற்றடியில் பெண்கள் அவளை அண்ணாந்து பார்த்துப் பேசவேண்டி வந்தது, அது யாருக்கும் பிடிக்கவில்லை.

மூன்றாவது தடவை டவுன் மைதானத்துக்குப் போனபோது சிவப்புக் கோடு லிபினின் நெஞ்சுக்கு நேரே இருந்தது. கண்ணாடி சார் கண்ணாடியைக் கழற்றினார். அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததே இல்லை. தோளைத் தட்டிப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி எல்லாம் பார்த்தார்.

"சார், பந்து?" என்றான் லிபின்.

"பந்து எங்கடா ஓடிடப் போகுது? நீ எடுபட்டாச்சு. கோலுக்கு முன்னாடி நிக்கிற ஆள் நீதான்."

அன்றைக்கும் அவன் காலுக்குப் பந்து வரவில்லை. ஊரில் வெடி போட்டோம்.

லிபின் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இன்னொன்று தெரியவந்தது. ஒரு நாள் மத்தியானம், சந்தையில் நான் சாளை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன், திடீரென்று என் குதிகால் தரையை விட்டு எழும்பியது. கண் இமைக்கிற நேரம்தான். அந்த நேரத்துக்கு மட்டும், என்னை விட்டுப் போன விரற்கடை திரும்பி வந்து உடம்பில் நின்றது, முதுகெலும்பு ஒருமுறை சுகமாக நிமிர்ந்தது, பிறகு இறங்கிவிட்டது. ஊருக்கு வந்து கேட்டால் எல்லாருக்கும் அதே நேரத்தில் அதே எழும்பல். கிளமெண்டுக்கு ஃபோன் போட்டுச் சொன்னான் லிபின்: அந்த நேரத்தில்தான் ஆட்டத்தில் பந்தைத் தலையால் முட்ட எவ்வினானாம்.

பிறகு எங்களுக்கு டிவி தேவைப்படவில்லை. ஆட்டம் உள்ள நாளில் சும்மா நிற்போம், அவன் எவ்வும்போதெல்லாம் ஊர் முழுக்க எழும்பும். கிழிந்த வலை பொத்துகிறவன் எழும்புவான், துணி உலர்த்துகிறவள் எழும்புவாள், பூசையில் ஃபாதரே ஒருமுறை பிரசங்கத்துக்கு நடுவில் எழும்பினார். கொடுத்தது அந்த ஒரு கணத்துக்குத் திரும்பி வருகிற சுகம் இருக்கிறதே, அது கொடுக்காமலே வைத்திருந்தவர்களுக்குத் தெரியாது. வறுவேல் குடியையே குறைத்தான். "இதுல உள்ள ஏத்தம் அதுல இல்ல" என்றான். எந்நாளும் ஆட்டம் இருக்கவேண்டும், எந்நேரமும் அவன் எவ்வவேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட ஆரம்பித்தோம்.

கிறிஸ்துமசுக்கு லிபின் வந்தான். குனிந்து வீட்டுக்குள் நுழைந்தான், குனிந்தே உட்கார்ந்தான். மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வைத்தாள் பிளாரன்ஸ். பாதியில் கையை எடுத்துவிட்டான். சாயங்காலம் கிளமெண்ட் பந்தைக் கொண்டுவந்து ஈர மணலில் போட்டான். லிபின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், கிணற்றுக்குள் விழுந்த தோண்டியைப் பார்க்கிற மாதிரி.

"அண்ணா, பந்து எனக்கு ரொம்பத் தூரத்துல கெடக்கு" என்றான்.

"என்னடே சொல்லுக?"

"பந்து வரும்போ என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியல்ல. எது எனக்கக் காலு, எது ஊருக்கக் காலுன்னு தெரியல்ல. ஒருத்தரு இடத்தோட்டு இழுக்காரு, ஒருத்தரு வலத்தோட்டு இழுக்காரு, ஒருத்தருக்கு முட்டு வலி, வறுவேல் மாமன் தந்த விரக்கடை சாயங்காலம் ஆனா ஆடுகு. எல்லாரும் கூடித் தீருமானம் எடுக்கதுக்குள்ள பந்து போயிருகு."

"அப்ப கமிட்டியே உனக்கக் காலுக்குள்ள இருக்குன்னு சொல்லு" என்று கிளமெண்ட் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "சாரு என்ன சொல்லுகாரு?"

"சாருக்குச் சந்தோசம். காலுக்கு வந்தா வெளிய அடி, தலைக்கு வந்தா முட்டு, வேற ஒண்ணும் செய்யாதங்காரு. அங்க எனக்குப் பேரு கம்பம். எனக்க ஆட்டத்த அங்க இதுவரைக்கும் ஒருத்தரும் பாத்ததில்லண்ணா. நான் போவல்ல. எல்லாரும் அவங்கவங்களுக்குள்ளத எடுத்துக்கிடட்டும், எனக்கு எனக்குள்ளது போதும்."

மறுநாள் கோவில் முற்றத்தில் ஊர் கூடியது. லிபின் நடுவில் நின்றான், எங்கே நின்றாலும் அவன் நடுவில் நிற்கிற மாதிரிதான் இருக்கும். எஸ்தாக்கி மூன்று தடவை செருமினார்.

"மோனே, உனக்க சங்கடம் புரியுது. ஆனா முறை ஒண்ணு உண்டு. பங்குகாரரு எல்லாரும் சம்மதிக்கணும். ஒருத்தரு மாட்டேன்னாலும் விடமுடியாது. சம்மதிக்கவங்க கையத் தூக்குங்க."

சூசையன் கையைத் தூக்கினான். கிளமெண்ட் தூக்கினான். ஃபாதர் பாதி தூக்கினார். பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அரையிறுதி ஆட்டம் வருகிறதே என்றார்கள் சிலர். எனக்கு மூட்டு வாதம், அந்த எழும்பல் ஒன்றுதான் மருந்து என்றாள் ஒருத்தி. "நான் குடியக் கொறச்சது யாருக்காவ?" என்று வறுவேல் அழுதேவிட்டான். யாரும் பொல்லாதவர்களாகப் பேசவில்லை. எல்லாரும் அவனை மோனே என்றும் மக்களே என்றும் தங்கமே என்றும்தான் கூப்பிட்டார்கள், கூப்பிடக் கூப்பிட அவன் தலை தொங்கியது.

"விடுங்க அவன!" என்று பின்னாலிருந்து பிளாரன்ஸ் கத்தினாள். "மீனுன்னு நெனச்சீங்களா அவன? பங்கு வச்சுத் தின்னுகீங்களே!"

"பிளாரி, நீ கயித்துல கை வைக்கல்ல" என்றார் எஸ்தாக்கி, மரியாதையாகத்தான் சொன்னார். "உனக்கு இதுல பங்கு இல்ல. பங்கில்லாதவங்க இதுல பேசப்பிடாது."

"பெத்தவளுக்குப் பங்கில்ல?"

"பெத்தது உனக்குள்ளது. உயரம் எங்களுக்குள்ளது. அத எங்கன பிரிக்க, நீயே சொல்லு."

யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை காலையில் வண்டி அனுப்பச் சொல்லிக் கழகத்துக்கு எஸ்தாக்கியே பேசினார்.

திங்கட்கிழமை விடிந்தது. சூசையன் பையைக் கொண்டுபோய் ரோட்டோரம் வைத்தான். லிபின் வண்டி வருகிறவரை என்று சொல்லிக் கரைக்கு இறங்கினான். அங்கே சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஈர மணலில் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டு அவன் காலடியில் வந்து நின்றது. அவன் மேலேயிருந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பேண்ட் நனைவதைப் பற்றி யோசிக்காமல், ஈர மணலில் முழங்காலிட்டான்.

முழங்காலிட்டு நின்றால் அவன் பழைய உயரம்.

அவன் முழங்காலிட்ட அதே நேரத்தில் நாங்களும் முழங்காலிட்டோம். சாயாக்கடையில் எஸ்தாக்கி கிளாசோடு இறங்கினார். நான் சருவத்தோடு படியில் இறங்கினேன். வறுவேல், ஃபாதர், மெர்சி, வடக்குத் தெரு, தெற்குத் தெரு, யார் எங்கே நின்றார்களோ அங்கேயே முழங்காலில் நின்றார்கள். எழும்பப் பார்த்தோம், முட்டு மடங்கினது மடங்கினபடி. என்ன என்று அறியவேண்டுமே. முழங்காலாலேயே நடந்து, மணலில் கோடு இழுத்துக்கொண்டு, ஊரே கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே பார்த்தோம். முழங்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம், ஊர் கொடுத்த நீளமெல்லாம், பின்னால் மணலில் சும்மா கிடந்தது. முன்னால் தொடையாலும் முட்டாலும் அவன் பந்தோடு போய்க்கொண்டிருந்தான். பந்து கொஞ்சம் முன்னே ஓடியது, நின்றது, அவன் வந்ததும் மறுபடி ஓடியது. அலை வந்தது, அவன் திரும்பாமலே பந்தைத் தூக்கி அலைக்கு மேலாக வாங்கிக்கொண்டான். நாலு பிள்ளைகள் மறித்தார்கள், நாலு பேருக்கும் நடுவில் இல்லாத ஒரு சந்து திறந்தது. சூசையன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். இதைப் பார்த்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது, இதற்காகத்தான் கயிறு பிடித்தோம் என்பதுகூட எங்களில் பாதிப்பேருக்கு மறந்து போயிருந்தது.

ரோட்டில் ஹாரன் அடித்தது.

"லேய் லிபினே, எழும்புடே, வண்டி வந்தாச்சு!" என்றார் எஸ்தாக்கி.

அவன் கேட்டான். கேட்டுவிட்டுப் பந்தை இடது முட்டுக்கு மாற்றினான்.

"எங்களால எழும்ப முடியல்லடே!" என்றார் எஸ்தாக்கி.

"எனக்கும் அப்பிடித்தான் மாமா" என்றான், பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஹாரன் மறுபடி அடித்தது. கரை முழுக்க முழங்காலில் நின்ற ஊருக்கு நடுவில், நிமிர்ந்து நின்றது பிளாரன்ஸ் ஒருத்திதான். எஸ்தாக்கி சுற்றிலும் பார்த்தார், வேறு ஆள் இல்லை. "பிளாரி, நீ ஒரு எட்டு போயி வண்டிய நிக்கச் சொல்லு. இந்தா வந்திருவான்னு சொல்லு."

அவள் சேலையை உதறிக்கொண்டு மேட்டில் ஏறி ரோட்டுக்குப் போனாள். காற்று எங்கள் பக்கம் அடித்தது, பேசினது எல்லாம் கேட்டது.

"இந்த ஊர்லயே ரொம்ப உயரமான பையன்னு சொன்னாங்கம்மா" என்றான் டிரைவர், புது ஆள். "பார்த்த உடனே தெரிஞ்சிடும், கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லன்னாங்க. எங்க அவன்?"

பிளாரன்ஸ் கரைப் பக்கம் கையைக் காட்டினாள். "உங்களுக்கு வேண்டிய உயரத்துல இங்க ஒருத்தரும் இல்ல. வேணும்னா நீங்களே பாத்துக்கிடும்."

அவன் வண்டியிலிருந்து இறங்கி, நெற்றிக்குக் கையை வைத்துப் பார்த்தான். கரை நெடுக மனுஷர்கள், எல்லாரும் அவன் இடுப்புக்குக் கீழே. எங்களைப் பார்த்து அவனுக்கு என்ன தோன்றியதோ, அவசரமாக வண்டியில் ஏறினான்.

"பிளாரி, ஏட்டி, நிக்கச் சொல்லுட்டி!" என்று எஸ்தாக்கி அலறினார். வண்டி பின்னால் போய்த் திரும்புகிற சத்தம் கேட்டது. ஏறிவருகிற அலை எங்கள் முட்டுகளை நனைத்தது. அவர் கையை ஊன்றி எழும்பப் பார்த்தார், முடியவில்லை, மறுபடியும் ஊன்றினார். அப்போது அவர் முன்னால் பந்து வந்து நின்றது. எத்தனை பேரைத் தாண்டி வந்ததோ, ஒருத்தர்மேலும் படாமல் சரியாக அவர் முட்டுக்கு நேராக வந்து நின்றது.

"தட்டி விடும், மாமா" என்றான் லிபின், தூரத்தில் முழங்காலில் நின்றபடி.

எஸ்தாக்கி ரோட்டைப் பார்த்தார், புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. பிளாரன்ஸ் திரும்பி நடந்து வருகிறாள், அவசரமில்லாமல் வருகிறாள். அவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் பந்தைப் பார்த்தோம். கடைசியில், வேறே வழியில்லாமல், அந்த மனுஷர் முட்டைக் கொஞ்சம் தூக்கிப் பந்தைத் தட்டிவிட்டார்.